பரணில் கிடக்கும் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கிக்கும் சிறையா? ஆயுதச் சட்டம் சொல்வது என்ன? முழு விவரம்

கல்வராயன் மலைச் செய்திகளைக் கவனித்து வருபவர்களுக்கு இந்த மாதிரி ஒரு வரி பழகிப்போயிருக்கும்: கரியாலூர் அருகே உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பறிமுதல், விவசாயி கைது. மொத்தமே நாலு வரிச் செய்தி. நாமும் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஆனால், கைதானவரின் குடும்பம் அன்றிலிருந்து ஸ்டேஷன், கோர்ட், வக்கீல் என்று மலைக்கும் சமவெளிக்குமாக அலைய ஆரம்பித்திருக்கும்.

'தாத்தா காலத்துல இருந்து வீட்ல கிடக்குது, பன்னி வந்தா சத்தம் காட்டத்தான் வச்சிருக்கோம்' என்பதுதான் இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். சட்டத்தில் இந்தப் பதிலுக்கு மதிப்பு இருக்கா? எது துப்பாக்கி, எது துப்பாக்கி இல்லை? விவசாயிக்கு லைசென்ஸ் கிடைக்குமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• துப்பாக்கிகளுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம்தான். அது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம்.
• லைசென்ஸ் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை, அபராதம்.
• அதைத் தயாரித்தாலோ விற்றாலோ 7 ஆண்டு முதல் ஆயுள் வரை.
• பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கும் உரிமை அதே சட்டத்தில் இருக்கிறது.
• லைசென்ஸ் கையில் இருந்தாலும் வேட்டையாட அனுமதி கிடையாது.

துப்பாக்கிக்கு மாநிலச் சட்டம் இருக்கா?

இல்லை. அரசியலமைப்பின் 7-வது அட்டவணையில் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்று இருப்பது தெரிந்ததுதான். ஆயுதம், துப்பாக்கி, தோட்டா, வெடிபொருள் எல்லாம் ஒன்றியப் பட்டியலில் 5-வது இடத்தில் வருகின்றன. அதனால் இந்த விஷயத்தில் சட்டம் போடுவது நாடாளுமன்றம்தான்.

ஆனால், சட்டத்தை நடைமுறைப்படுத்துவது மாநில அரசின் ஆட்கள். லைசென்ஸ் கொடுப்பது மாவட்ட ஆட்சியர். சென்னை, கோவை மாதிரி போலீஸ் கமிஷனரகம் இருக்கும் நகரங்களில் கமிஷனர். விசாரித்து அறிக்கை தருவதும், பறிமுதல் செய்வதும், வழக்கு போடுவதும் உள்ளூர் போலீஸ். கரியாலூர்காரர் ஒருவர் லைசென்ஸ் கேட்டால் முடிவு எடுக்க வேண்டியவர் கள்ளக்குறிச்சி ஆட்சியர்.

இதற்கு முன்னால் இருந்தது 1878-ம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம். வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்தது. இந்தியர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு என்று பாகுபாடு காட்டிய சட்டம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு அதை நீக்கிவிட்டுத்தான் 1959 சட்டம் கொண்டுவரப்பட்டது. 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் இப்போது உள்ளவை 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள். 2019 டிசம்பரில் சட்டத்தில் பெரிய திருத்தம் வந்து, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

எது ஆயுதம், எது துப்பாக்கி?

சட்டத்தின் 2-வது பிரிவில் விளக்கம் இருக்கிறது. தாக்கவோ, தற்காத்துக்கொள்ளவோ வடிவமைக்கப்பட்ட எந்தப் பொருளும் 'ஆயுதம்'. துப்பாக்கி, கூரான ஆயுதங்கள் மட்டுமல்ல, அவற்றின் உதிரி பாகங்கள், தயாரிக்கும் இயந்திரங்கள்கூட இதில் அடக்கம்.

வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே உள்ள பொருட்கள் இதில் வராது. லத்தி, கைத்தடி ஆகியவற்றை உதாரணமாகச் சட்டமே சொல்கிறது. பொம்மைத் துப்பாக்கிக்கும் விலக்கு உண்டு. ஆனால், அதை நிஜத் துப்பாக்கியாக மாற்ற முடியாததாக இருக்க வேண்டும்.

அடுத்து 'துப்பாக்கி'. வெடிமருந்தாலோ வேறு வகை ஆற்றலாலோ குண்டைப் பாய்ச்சும்படி செய்யப்பட்ட எதுவும் துப்பாக்கிதான். கம்பெனியில் செய்ததா, ஊர்ப் பட்டறையில் அடித்ததா என்ற வித்தியாசமே இங்கே இல்லை. இரும்புக் குழாய், மரக்கட்டை, ஒரு விசை. இதை வைத்துச் செய்தாலும் குண்டு பாய்ந்தால் அது துப்பாக்கி.

இதற்கு மேல் ஒரு வகை இருக்கிறது: 'தடை செய்யப்பட்ட ஆயுதம்'. விசையை அழுத்திப் பிடித்தால் விடும்வரை அல்லது தோட்டா தீரும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் தானியங்கித் துப்பாக்கிகள், பீரங்கி, விஷவாயு பாய்ச்சும் கருவி போன்றவை. மத்திய அரசு தனியாக அனுமதி தந்தால் தவிர, இவற்றைச் சாதாரண ஆட்கள் வைத்திருக்கவே முடியாது.

நாட்டுத் துப்பாக்கி இந்தத் தடைப் பட்டியலில் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் விஷயத்துக்கு வரும்போது இது முக்கியம்.

நாட்டுத் துப்பாக்கின்னா என்ன?

போலீஸ் ஆவணங்களில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதியிருப்பார்கள். ஒற்றைக் குழல், வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கி என்பதுதான் அதன் பொருள். நவீன துப்பாக்கியில் தோட்டாவைப் பின்பக்கம் போடுவார்கள். இதில் குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும், பால்ரஸ் குண்டுகளையோ ஈயத் துண்டுகளையோ போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். ஒருமுறை சுட்டால் மறுபடியும் முதலிலிருந்து நிரப்ப வேண்டும்.

பழைய தொழில்நுட்பம்தான். அதற்காக ஆபத்து குறைவு என்று நினைக்க வேண்டாம். குழல் வெடித்தால் சுடுபவர் முகத்துக்கே ஆபத்து. இருட்டில் அசைவைப் பார்த்துச் சுட்டால் அந்தப் பக்கம் இருப்பது பன்றியா, ஆளா என்று தெரியாது. அப்படி ஒரு உயிர் போனால், ஆயுதச் சட்டத்தோடு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவும் சேர்ந்துகொள்ளும். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 5 ஆண்டு வரை சிறை.

கல்வராயன் மலையில் இது ஏன் பெரிய பிரச்சினை?

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். மரவள்ளி, சாமை, தினை, மக்காச்சோளம் போன்ற பயிர்கள். காட்டை ஒட்டிக் காடு மாதிரியே இருக்கும் கொல்லைகள். மரவள்ளி காட்டுப்பன்றிக்கு ரொம்பப் பிடித்த தீனி. கூட்டமாக வந்தால் ஒரே ராத்திரியில் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும். பரண் கட்டிக் காவல் இருப்பது, தகரம் தட்டுவது, தீ மூட்டுவது, இதெல்லாம் பலிக்காதபோது கை துப்பாக்கியைத் தேடிப் போகிறது.

இன்னொரு காரணம் நிர்வாகம். இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26. அதையொட்டித்தான் வெள்ளிமலையைத் தலைமையிடமாக வைத்துக் கல்வராயன்மலை தனி வட்டம் ஆனது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் அத்தனை பேர் உயிரிழந்த பிறகு, இந்த மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. ஆயுதச் சட்டம் வந்தது 1962-ல். தாசில்தார் அலுவலகம் மலைக்கு வந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. சட்டம் எப்போதோ வந்துவிட்டது. சட்டத்தைச் சொல்லித் தரும் ஆபீஸ் பின்னால்தான் வந்தது. 'இதுக்கு லைசென்ஸ் வேணும்னே தெரியாது' என்ற பேச்சுக்கு இதுதான் பின்னணி. ஆனால், 'சட்டம் தெரியாது' என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

மாட்டினால் எந்தப் பிரிவில் வழக்கு?

2019 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை இதுதான்:

• லைசென்ஸ் இல்லாமல் வாங்கினால், வைத்திருந்தால், எடுத்துச் சென்றால்: பிரிவு 3-ஐ மீறிய குற்றம். பிரிவு 25(1-பி)(ஏ)-யின் கீழ் 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது.

• லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், விற்றால், பழுது பார்த்தால்: பிரிவு 5-ஐ மீறிய குற்றம். பிரிவு 25(1)(ஏ)-யின் கீழ் 7 ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை சிறை, அபராதம். முன்பு இது 3 முதல் 7 ஆண்டு.

• பிரிவு 5-ஐ மீறி ஆயுதத்தைப் பயன்படுத்தினால்: பிரிவு 27-ன் கீழ் 3 முதல் 7 ஆண்டு வரை.

• தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால்: 7 முதல் 14 ஆண்டு வரை.

• லைசென்ஸ் இருந்து, அதன் நிபந்தனையை மீறினால்: பிரிவு 30-ன் கீழ் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொல்லையில் காவலுக்கு வைத்திருந்தவருக்கு அதிகபட்சம் 5 ஆண்டு. அதை அடித்துக் கொடுத்த பட்டறைக்காரருக்குக் குறைந்தபட்சமே 7 ஆண்டு. 'ஒரு குழாய்க்கு விசை மாட்டிக் கொடு' என்று யாராவது கேட்டால், செய்து கொடுப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

கைதானவருக்குச் சாதகமாகவும் சில அம்சங்கள் இருக்கின்றன. பிரிவு 39-ன்படி, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த குற்றத்துக்கு மாவட்ட ஆட்சித் தலைவரின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. துப்பாக்கி தன் கட்டுப்பாட்டில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். பக்கத்துக் கொல்லையில் கிடந்ததற்கு இவரைப் பொறுப்பாக்க முடியாது. அதே சமயம், துப்பாக்கி கையில் இருந்தால்தான் குற்றம் என்றும் இல்லை. தெரிந்தே கூரையில் செருகி வைத்திருந்தாலும் அது 'வைத்திருப்பது'தான். தகுந்த சிறப்புக் காரணம் இருந்தால் குறைந்தபட்ச தண்டனைக்கும் கீழே தண்டனை தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தக் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும்.

பழசு, துருப்பிடிச்சது... அப்பவும் குற்றமா?

இங்கேதான் நிறைய பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பிரிவு 45-ல் ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது.

ஆனால், அதோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது. அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தும் எண்ணமும் இருக்கக் கூடாது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பயன்படுத்த முடியாததாகவும் இருக்க வேண்டும். அதாவது, கொல்லன் பட்டறையில் ஒரு நாள் வேலை பார்த்தால் சுடும் என்றால், அந்த விலக்கு கிடைக்காது. பறிமுதல் செய்த துப்பாக்கி சுடுமா, சுடாதா என்பதைத் தடயவியல் பரிசோதனையில்தான் பார்ப்பார்கள்.

தாத்தா வைத்திருந்தார் என்பதும் விலக்கு ஆகாது. பரம்பரையாக வந்தாலும் லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு 3. பரம்பரைத் துப்பாக்கிக்கும் இதே வரம்புதான்.

விவசாயிக்கு லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கு. பலருக்கும் தெரியாத பகுதி இது.

பிரிவு 13(3)-ஐப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு இந்தியக் குடிமகன் லைசென்ஸ் கேட்டால், அதிகாரி அதை 'வழங்க வேண்டும்' என்கிறது சட்டம். பிஸ்டல், ரிவால்வர் கேட்பவர் 'ஏன் தேவை' என்பதற்குத் தகுந்த காரணம் காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். விவசாயிக்குப் பயிர்தான் காரணம். அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால், வேறு வகைத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தரலாம்.

அடுத்தது பிரிவு 14(2). போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது. ரெண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவரும் விண்ணப்பிக்கலாம்.

அப்போ கேட்டவுடனே கிடைச்சிடுமா? இல்லை. மறுக்கவும் சட்டத்தில் காரணங்கள் உண்டு. 21 வயது நிறைவடையாதவர், மனநலப் பாதிப்பு உள்ளவர், வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்று வெளியே வந்து 5 ஆண்டு ஆகாதவர் ஆகியோருக்குக் கிடைக்காது. பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ பாதகம் என்று அதிகாரி கருதினாலும் மறுக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் ரொம்ப அகலமானது. ஆனால், மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பொது நலனுக்கு எதிரானது என்று கருதினால் தவிர, கேட்டவருக்கு அந்தக் காரணத்தைத் தரவும் வேண்டும். மறுப்பை எதிர்த்துப் பிரிவு 18-ன் கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

விண்ணப்பிக்கும் முறை இதுதான்:

1. 2016 விதிகளில் உள்ள படிவம் ஏ-1-ல் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் தேவை. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் நில ஆவணங்களையும், முன்பு ஏற்பட்ட பயிர்ச் சேதம் பற்றிக் கொடுத்த மனுக்களையும் சேர்ப்பது நல்லது.
2. விண்ணப்பம் உள்ளூர் காவல் நிலையத்துக்குப் போகும். உங்கள் மீது வழக்கு இருக்கிறதா, நடத்தை எப்படி என்று விசாரித்து அறிக்கை தருவார்கள்.
3. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் விதிகளில் உண்டு.
4. லைசென்ஸ் கிடைத்தால், தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் உங்களுக்கென ஒரு தனி அடையாள எண் பதிவாகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 'முதல்ல துப்பாக்கி, அப்புறம் லைசென்ஸ்' என்று தலைகீழாகப் போக முடியாது. லைசென்ஸ் வாங்கிய பிறகு, உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் போன்ற முறையான வழியில்தான் துப்பாக்கி வாங்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர், எண் போன்ற அடையாளம் இல்லாத துப்பாக்கியை விற்பதையோ கைமாற்றுவதையோ பிரிவு 8 தடுக்கிறது.

லைசென்ஸ் இருந்தா பன்றியைச் சுடலாமா?

சுடக் கூடாது. குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். துப்பாக்கி வைத்திருக்க அனுமதி தருவது ஒரு சட்டம், விலங்கைச் சுடுவதைத் தடுப்பது வேறொரு சட்டம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் 2022 திருத்தப்படி காட்டுப்பன்றி, புள்ளிமான் எல்லாம் 2-வது அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் போன்ற முதல் அட்டவணை உயிர்கள் என்றால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

'நாங்க பழங்குடி, வன உரிமைச் சட்டம் இருக்கே?' என்ற கேள்வி வரும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நிலம், மேய்ச்சல், சிறு வனப் பொருள் என நிறைய உரிமைகளைத் தருகிறது. ஆனால் வேட்டையை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது.

அப்போ பயிருக்கு என்னதான் வழி? பயிருக்கோ உயிருக்கோ ஆபத்தான 2-வது அட்டவணை விலங்கைக் கொல்ல, வனவிலங்குச் சட்டம் 11-வது பிரிவின் கீழ் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ, அவர் அதிகாரம் தந்த அலுவலரோ எழுத்துப்பூர்வமாக அனுமதி தரலாம். காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். கவனியுங்கள், சுடப்போவது வனத்துறைதான், விவசாயி இல்லை. காட்டின் விளிம்பிலேயே கொல்லை வைத்திருக்கும் கல்வராயன் மலைக்காரருக்கு இந்த 3 கிலோமீட்டர் கணக்கால் என்ன பலன் என்பது நியாயமான கேள்விதான். அவர்களுக்கு மிஞ்சுவது வனத்துறையில் புகார் செய்து பயிர்ச் சேத இழப்பீடு கேட்பது.

விலங்கு ஆள் மேல் பாய்ந்தால்? தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று அதே 11-வது பிரிவு சொல்கிறது. ஆனால், சட்டவிரோதமாக வேட்டைக்குப் போன இடத்தில் பாய்ந்தது என்றால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

துப்பாக்கி வேண்டாம் என்று அவுட்டுக்காய் பக்கம் போவது இன்னும் மோசம். தீனிக்குள் வெடி வைக்கும் அதற்கு 1908-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் பாயும். ஆடு, மாடு, யானை, விறகு பொறுக்கப் போகும் பிள்ளைகள் என யார் கையிலும் வாயிலும் அது வெடிக்கும்.

குடகுக்காரங்களுக்கு மட்டும் லைசென்ஸ் வேண்டாமாமே?

உண்மைதான். கர்நாடகாவின் குடகு மாவட்டத்தில் கொடவ இனத்தவருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே விலக்கு இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 41-வது பிரிவைப் பயன்படுத்தி மத்திய அரசு அதைத் தொடர்கிறது. 2019-ல் வந்த அறிவிக்கை 2029 அக்டோபர் வரை அதை நீட்டித்தது. இதை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில், 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது.

அதாவது, பொது நலனுக்காக ஒரு பிரிவினருக்கு விலக்கு தர சட்டத்தில் இடம் இருக்கிறது. தருவது மத்திய அரசு. கல்வராயன் மலை மக்களுக்கு அப்படி ஒரு விலக்கு கிடையாது. 'அவங்க வச்சிருக்காங்களே' என்று சொல்லி இங்கே தப்பிக்க முடியாது.

அமெரிக்காவோடு ஒப்பிடுவதும் சரி வராது. அங்கே 1791-ல் வந்த 2-வது அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக்கியது. இந்திய அரசியலமைப்பில் அப்படி ஒரு அடிப்படை உரிமை இல்லை என்பதை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

வீட்ல பழைய துப்பாக்கி இருக்கு. இப்போ என்ன செய்யணும்?

முதலில், செய்யக் கூடாதவை. ஆற்றிலோ கிணற்றிலோ வீசாதீர்கள். காட்டில் புதைக்காதீர்கள். பக்கத்து ஊர்க்காரருக்கு விற்காதீர்கள். விற்றால் 'வைத்திருந்த' குற்றம் 'விற்ற' குற்றமாகி, 2 ஆண்டு 7 ஆண்டாகிவிடும். உள்ளே மருந்து இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

லைசென்ஸ் இருந்து காலாவதியானது, ரத்தானது, அல்லது லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டார் என்றால் பிரிவு 21 பொருந்தும். தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

லைசென்ஸே இல்லாத துப்பாக்கிக்குச் சட்டத்தில் பொதுமன்னிப்பு என்று தனிப் பிரிவு இல்லை. ஆனால் மலைப் பகுதிகளில், குறிப்பிட்ட தேதிக்குள் தாங்களாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் அவ்வப்போது அறிவிப்பது உண்டு. ஊராட்சித் தலைவர், ஊர்ப் பெரியவர்கள் மூலமாகவும் வாங்கிக்கொள்வார்கள். அப்படி அறிவிப்பு வந்தால் அதுதான் நல்ல நேரம். ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.

அறிவிப்பு இல்லாத நேரத்தில் பயமாக இருந்தால், முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். இதற்குக் காசு வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பட்டியல் பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேணுமா?
20 ஜூல் ஆற்றலுக்கும் 4.5 மில்லிமீட்டர் குழல் அளவுக்கும் மேல் போகாத ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் தேவை. ஏர்கன்னை மாற்றியமைத்துத் துப்பாக்கியாக்குவது குற்றம். அதை வைத்துப் பறவை, முயல் அடித்தால் வனவிலங்குச் சட்டம் பாயும்.

வீட்டு அரிவாள், கோடாரி?
விவசாயத்துக்கும் வீட்டுக்கும் உள்ள கருவிகள் ஆயுதச் சட்டத்தில் வராது. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள வாள், கத்தி போன்றவை விதிகளில் தனி வகை. அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில் அவற்றுக்கும் லைசென்ஸ் தேவைப்படும். அரிவாளால் யாரையாவது மிரட்டினால் அது வேறு வழக்கு.

திருவிழா, கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடலாமா?
லைசென்ஸ் இருந்தாலும் கூடாது. கொண்டாட்டத்துக்காகச் சுட்டு, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டது இது.

தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கியை ஏன் கேட்கிறார்கள்?
தேர்தல் அமைதியாக நடக்க வேண்டும் என்பதற்காக. ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் காவல் நிலையத்திலோ ஆயுதக் கிடங்கிலோ கொடுத்து ரசீது வாங்கி, தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெறலாம்.

அப்பா பெயரில் உள்ள லைசென்ஸ் எனக்கு மாறுமா?
தானாக மாறாது. லைசென்ஸ்தாரர் இறந்தால், அல்லது அவருக்கு 70 வயது ஆனால், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தால், சட்டப்பூர்வ வாரிசு தன் பெயரில் புது லைசென்ஸ் கேட்கலாம். அது கிடைக்கும்வரை துப்பாக்கி ஒப்படைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒரே கொல்லை, ஒரே பன்றி, ஒரே மாதிரி குழல். லைசென்ஸ் உள்ளவருக்கு அது பயிர்க் காவல், இல்லாதவருக்கு 2 முதல் 5 ஆண்டு. பிரிவு 25 மலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, கைது செய்திகளே அதைச் சொல்லிவிடுகின்றன. பிரிவு 13 இருப்பதும், சொத்து இல்லை என்று மறுக்கக் கூடாது என்பதும், வக்கீலுக்குக் காசு வேண்டாம் என்பதும் அதே அளவுக்குத் தெரிய வேண்டும். உங்களுக்குத் தெரிந்த மலைக்காரர் யாராவது இருந்தால் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.